விருந்தும் மருந்தும் மூன்று நாள்

(லோஹேகாவில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே, உழைக்கும் தோழர்களே, முன்வரிசையில் பட்டாணி தின்றுகொண்டிருக்கிற குழந்தைகளே!

நான் பேச்சாளன் அல்ல. பத்தாவது தேறியவன். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, "எங்கே போகணும், எத்தனை பேர், சில்லறை இருக்கா" என்று கேட்டே காலத்தை ஓட்டியவன். நான் பேசும்போது நடுவில் விமானப்படையின் சுகோய் கிளம்பினால் நிறுத்திக்கொள்வேன். அதன் குரலோடு போட்டி போட என்னால் ஆகாது. லோஹேகாவில் எல்லோரும் பழகிய பழக்கம்தான் அது. பாதி வார்த்தையில் நிறுத்தி, விமானம் போனபின் மீதியைச் சொல்வோம்.

"அயலூரில் வாழ்கிற வாழ்க்கை, அதில் நடந்த சின்னச் சின்ன அனுபவங்கள், அதைச் சொல்லுங்கள் அண்ணே" என்று தோழர்கள் கேட்டார்கள். புனே அயல்நாடா? பாஸ்போர்ட் வேண்டியதில்லை. ரயில் ஏறினால் வந்துவிடலாம். பம்பாய்ப் பக்கத்து ரயில்பாதை 1858-ல் புனேவுக்கு வந்தது. 1871-ல் அது ரெய்ச்சூரில் மதராஸ் பக்கத்து ரயில்பாதையோடு சேர்ந்தது. அன்று இணைந்த தண்டவாளத்தின் மேல்தான் நம்மவர்கள் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் ரெய்ச்சூர் தாண்டினால் பேச்சு மாறுகிறது, எழுத்து மாறுகிறது, சோறு ரொட்டியாகிறது. சட்டப்படி ஒரே நாடு. காதுக்கும் வயிற்றுக்கும் வேறு நாடு!

வாங்கி என்றால் கத்தரிக்காய்

2002-ல் நான் இங்கே வந்தபோது என் வயது இருபத்திரண்டு. வந்த மறுநாள் காலை. தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர், "வாங்கி! தாஜி வாங்கி! வாங்கி க்யா!" என்று கூவிக்கொண்டு போகிறார். எனக்கு ஒரே ஆனந்தம். நம்ம ஊர் ஆள் போலிருக்கிறது, வாங்கச் சொல்கிறார் என்று ஓடினேன். "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டேன். அவர் ஒரு கிலோ கத்தரிக்காயை நிறுத்துக் கையில் கொடுத்துவிட்டார். மராத்தியில் வாங்கி என்றால் கத்தரிக்காய். அறையில் அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை. ஒரு கிலோ கத்தரிக்காயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! (சிரிப்பு)

பக்கத்து வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சுடச்சுட வரண்பாத் போட்டார். நம் பருப்புச்சோறுதான். பிறகு கரண்டியை நீட்டி, "தூப் க்யா, தூப் க்யா" என்கிறார். துப்பு என்கிறாரா, ஏன் துப்பச் சொல்கிறார் என்று நான் விழித்தேன். தூப் என்றால் நெய். அவர் நெய் விடுகிறேன் என்கிறார், நான் முழுங்குவதா துப்புவதா என்று யோசிக்கிறேன்.

என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் வாசலிலிருந்து, "பாட்டி, காக்கா வந்திருக்காரு" என்று கத்தினான். மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா. கீழ்வீட்டுக்காரரைத்தான் பையன் அப்படிச் சொன்னான். அம்மா என்ன செய்தார்? சாப்பிட உட்காருகிற நேரம். காக்கைக்கு வைக்கிற சோற்றுருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்! அந்த மனிதர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையை நீட்டி உருண்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குச் சொந்தமாகிவிட்டார்.

சிரிக்கிறோம். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அக்கா என்றால் அவர்களுக்கும் அக்காதான். அண்ணா என்றால் அண்ணாதான். மாமா என்றால் மாமாதான். தாயீ என்று கூப்பிட்டால் அவர்களுக்கு அது மூத்த சகோதரி. உறவுச்சொல்லே இத்தனை பொதுவாக இருக்கும்போது, நாம் ஏன் இருபது வருடமாக வாய் திறக்காமல் இருக்கிறோம் என்று கேட்கிறேன்.

பாதி நோய்க்குத்தான் மருந்து

கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரம். தௌண்டுக்குப் போகிற ஒரு பெரியவர் வந்தார். என் முகத்தைப் பார்த்து, "அடீச் த்யா" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையில் சேர்ந்து ஏழு நாள்கூட ஆகவில்லை, ஒரு ஆள் என்னைப் பார்த்து "அடச்சீ" என்கிறாரே! நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்துக் கவுண்டர் தோழர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பெரியவர் இரண்டு விரலை நிமிர்த்தி, மூன்றாவது விரலைப் பாதி மடக்கிக் காட்டினார். மராத்தியில் அடீச் என்றால் இரண்டரை. முழு டிக்கெட் இரண்டு, குழந்தைக்கு அரை டிக்கெட் ஒன்று. அவ்வளவுதான் விஷயம். தீட் என்றால் ஒன்றரை. அந்த மாதம் இந்த இரண்டு சொல் தெரியாததால் கணக்கில் குறைந்த காசை என் சம்பளத்திலிருந்து கட்டினேன்.

எனக்காவது காசோடு போயிற்று. வீட்டுவேலைக்குப் போகிற நம் சகோதரி ஒருவர், பஸ் பலகையில் இருந்த எண்ணைத் தப்பாகப் படித்து வேறு பக்கம் போய்விட்டார். மராத்தி எழுத்தில் ஒன்று என்பது நம் கண்ணுக்கு ஒன்பது போலத் தெரியும். ஐந்து என்பது நான்கு போலத் தெரியும். அவர் வீடு போய்ச் சேர மதியம் ஆயிற்று. அரைநாள் கூலி போயிற்று. அந்தப் பத்து எண்களையும் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சாயங்காலம். அந்த ஒரு சாயங்காலத்தை நாம் இருபது வருடமாக ஒதுக்கவில்லை.

இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் தோழர் ஒருவரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். மராத்தி தெரிந்தவன் ஒன்பது வயது மகன் ஒருவன்தான். பள்ளிக்கு லீவு போட வைத்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எங்கே வலி, எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்கிறார். பையன் அம்மாவிடம் கேட்கிறான். அது ஒரு தாய் தன் மகனிடம் சொல்லக்கூடிய வலி இல்லை. அந்த அம்மா பாதியைச் சொன்னார், பாதியை மறைத்தார். பாதி நோய்க்குத்தான் மருந்து கிடைத்தது. மீதி நோய் எட்டு மாதம் கழித்து அவரைப் படுக்கையில் தள்ளியது.

தோழர்களே, பாஷை தெரியாதது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் அதற்கு நாம் விலை கொடுக்கிறோம். கூலியாகக் கொடுக்கிறோம், குழந்தையின் படிப்பாகக் கொடுக்கிறோம், சில நேரம் உடம்பாகவும் கொடுக்கிறோம்.

மராத்தி படித்தால் தமிழ் போய்விடுமே என்று ஒரு பெரியவர் போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான பயம்தான். நம் பிள்ளைகள் தாத்தாவுக்கு ஒரு வரி எழுதத் தெரியாமல் வளர்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் மராத்தியா? வீட்டில் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க நாம் உட்காராததுதான் காரணம். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்தே ஆக வேண்டும், 2020-ல் மகாராஷ்டிராவில் அதற்குச் சட்டமே வந்துவிட்டது. ஆக, நம் வீடுகளில் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தாய்க்கு மராத்திப் பேச்சு தெரியாது. பிள்ளையும் தாயும் பத்துக்குப் பத்து அறையில் ஒருவருக்கொருவர் அயலூர்க்காரர்கள் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சரி செய்ய வேண்டும்.

பெயர் எங்கே இருக்கிறது?

நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள். நாம் இங்கே இருபது வருட விருந்தாளிகள்! ஊரில் கார்டு, ஊரில் ஓட்டு, ஊரில் வீடு. இங்கே வேலை, இங்கே வாடகை, இங்கே வியர்வை. "இது என்ன நம்ம ஊரா, நாளைக்கே போயிடப் போறோம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது.

2020-ஐ மறந்துவிட்டீர்களா? மார்ச் 22-ல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். 24-ம் தேதி இரவு நாட்டையே பூட்டினார்கள். எங்கள் கவுண்டர் வாழ்நாளில் முதல்முறையாக மூடிக் கிடந்தது. தொழிலாளர்களுக்கான முதல் சிறப்பு ரயில் கிளம்பியது மே 1-ம் தேதி. இடையில் ஐந்து வாரத்துக்கு மேல். நம் கட்டடத் தொழிலாளிகள் ஐந்து பேர், ஆறு பேர் என்று ஒரே அறையில் அடைந்து கிடந்தார்கள். அவர்கள் பெயர் ஊர் ரேஷன் கடையில் இருந்தது, வயிறு லோஹேகாவில் இருந்தது. எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் இங்கே அவர்கள் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவன் பசித்தால் யாருக்குத் தெரியும்? தெரிந்தது பக்கத்து வீட்டு மராத்தி மாவ்ஷிகளுக்குத்தான். பாக்ரி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு தொழிலாளி பக்கத்து வீட்டுக் கருணையை நம்பியே வாழ முடியுமா?

ஆகவே, ஒன்றொன்றாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ரேஷன். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலமும் 2021 ஜூலை 31-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. உங்கள் ஊர்க் கார்டில் பி.எச்.எச். என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இங்கேயே, விலையில்லாமல் வாங்கலாம். ஆதார் இணைத்திருக்க வேண்டும், விரல் வைக்க வேண்டும். குடும்பத்தில் பாதிப்பேர் ஊரில் இருந்தால், அவர்கள் பங்கை அங்கேயும் உங்கள் பங்கை இங்கேயும் வாங்கலாம். என்.பி.எச்.எச். என்றிருந்தால் ஊரில் அரிசி உண்டு, இங்கே கிடையாது. இந்த ஒரு எழுத்து வித்தியாசம் தெரியாமல் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள், உரிமை இருந்தும் கேட்காமல் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஓட்டு. நான் ரயில்வே ஊழியன். கட்சி மேடையில் பேச எனக்கு விதி இடம் தராது. எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே போடுவது என்று மட்டும் சொல்கிறேன். 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது: ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். எங்கே சாதாரணமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் இருக்க வேண்டும். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இடம் பெயர்ந்தவர் என்ற கணக்கில் லட்சக்கணக்கான பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லாமல் போயின. அதில் நம்மவர்களும் உண்டு. ஊரிலும் பெயர் இல்லை, இங்கேயும் பெயர் இல்லை என்றால் அவர் யார்? இந்த நாட்டில் ஒரு சொல்லும் இல்லாத மனிதர். பெயரை இங்கே மாற்றப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வயிற்றுக்கு எங்கே தேடுகிறோமோ அங்கே ஓட்டு இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? லோஹேகாவின் மீதிப் பகுதி 2017-ல் புனே மாநகராட்சியில் சேர்ந்தது. வரி வந்தது. தண்ணீர்? இன்னும் பல சந்துகளில் டேங்கர் ஹாரன் கேட்டால்தான் விடிகிறது. 2022-ல் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தபின், ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாமல் நிர்வாகம் நடந்தது. போய்க் கேட்க ஆள் இல்லை. ஆள் வந்தபின்னும், பட்டியலில் பெயர் இல்லாதவன் கேட்டால் யார் காது கொடுப்பார்? குடத்தோடு வரிசையில் நிற்கிற சகோதரிகளுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, வேலை. 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டிவருகிற ஒப்பந்தக்காரர் வழிச்செலவு தர வேண்டும், இடம்பெயர்வுப் படியாகப் பாதி மாதச் சம்பளம் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இந்தக் கூட்டத்தில் அதை வாங்கியவர் யார்? கை தூக்குங்கள். (யாரும் கை தூக்கவில்லை.) பார்த்தீர்களா! வாங்காமலே அது போய்விட்டது. 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்தில் அந்த இடம்பெயர்வுப் படி இல்லை. ஐந்து பேர் என்றிருந்தது பத்துப் பேர் ஆகிவிட்டது. வழிச்செலவு மட்டும் மிச்சம் இருக்கிறது. தானாக வந்து வேலையில் சேர்ந்தவரையும் வெளிமாநிலத் தொழிலாளி என்று கணக்கில் எடுத்திருப்பது ஒரு நல்ல விஷயம். கேட்காத உரிமை கரைந்துபோகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கட்டடத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கட்டடச் செலவிலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் உங்கள் நலனுக்கென்று பிடிக்கிறார்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் வாரியத்தில் பதியலாம். நீங்கள் எந்த மாநிலத்துக்காரர் என்பது அதற்குத் தடை இல்லை. அந்த 90 நாளுக்குச் சான்று வேண்டும். ஆகவே, எந்த இடத்தில் எத்தனை நாள் வேலை செய்தோம் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும்.

என் தொழிலில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் வீட்டுக்காரி கோபிப்பாள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாள் இல்லை, 60 நாள்தான். பொங்கலுக்கு ஜனவரி 12-ல் வண்டி ஏற வேண்டுமானால், நவம்பர் 13 காலை 8 மணிக்கு டிக்கெட் திறக்கும். அன்று தூங்கிவிட்டு, பிறகு ஏஜென்டிடம் இரட்டைக் காசு கொடுத்து வேறொருவன் பெயரில் பயணம் போகாதீர்கள். அந்த வண்டியிலும் உங்கள் பெயர் இல்லை!

எரவாடாவில் போட்ட கையெழுத்து

இங்கிருந்து எரவாடா எவ்வளவு தூரம்? பஸ்ஸில் போய்விடலாம். அங்கே இருக்கிற சிறைச்சாலையைத் தினமும் கடந்து போகிறீர்கள். 1932 செப்டம்பர் 24-ம் தேதி அந்தச் சிறைக்குள்தான் புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காந்தியார் உண்ணாவிரதம் இருந்த இடம் அது. அண்ணல் அம்பேத்கர் கையெழுத்திட்டார். அவரோடு கையெழுத்திட்டவர்களில் நம்மவர்கள் இருவர் உண்டு. இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா. தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சட்டசபையில் இடம், அரசு வேலையில் நியாயமான பங்கு, கல்விக்கு ஒதுக்கீட்டுப் பணம் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். ஒப்பந்தம் நல்லதா, தனித்தொகுதியை விட்டது சரியா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. நான் அதற்குள் போகவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நம் சங்கத்துத் தோழர் ஒருவரின் மகள் இதே லோஹேகாவில் பிறந்தாள், இங்கேயே படித்தாள், நல்ல மார்க் வாங்கினாள். கல்லூரியில் சேரத் தந்தையின் தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் சான்றிதழைக் கொண்டுபோனாள். செல்லாது என்றார்கள். "அப்பா, நாம ஊர்ல என்னவா இருந்தோமோ அது ரயில்ல வரும்போது இறங்கிப் போயிடுச்சா?" என்று அந்தப் பெண் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தாழ்த்தப்பட்ட சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவர் அங்கே அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதுவும் எங்கே எழுந்த வழக்கு தெரியுமா? ஆந்திரத்திலிருந்து வந்து, பம்பாய் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஒரு மாணவரின் வழக்கு. 2018-லும் அதே நிலையை நீதிமன்றம் உறுதி செய்தது. மத்திய அரசின் அகில இந்திய வேலைகளுக்கு அந்தச் சான்றிதழ் செல்லும். மகாராஷ்டிர அரசின் வேலைக்கும் கல்லூரி ஒதுக்கீட்டுக்கும் செல்லாது.

சாதி இழிவுக்கு எல்லை உண்டா? வாடகைக்கு வீடு கேட்கும்போது இங்கேயும் என்ன சாதி என்று கேட்கிறார்கள். இழிவு மட்டும் டிக்கெட் இல்லாமல் கூடவே வருகிறது, உரிமையை எல்லையில் இறக்கிவிடுகிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் எரவாடாவில் கையெழுத்துப் போட்டார். அவர் வழி வந்த பிள்ளை எரவாடாவைத் தாண்டிக் கல்லூரிக்குள் போக முடியவில்லை. இதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். நாம் கேட்க வேண்டும். கேட்கிற குரலுக்கு ஓட்டு வேண்டும். பார்த்தீர்களா, எங்கே சுற்றினாலும் பட்டியலுக்குத்தான் வந்து நிற்கிறது!

அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். தகப்பன், பாட்டன் காலத்து சாதிச் சான்று, பள்ளிச் சான்று, குடியிருப்புச் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். மத்திய அரசு வேலைக்கு எழுதுகிற பிள்ளைக்கு அதுதான் ஆதாரம்.

நாம் மட்டுமா வந்தவர்கள்?

"மதராசி" என்று கேலி செய்கிறார்களே, நாம் எப்படி ஒட்டுவது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். 1966-ல் பம்பாயில் தென்னிந்தியரைக் குறிவைத்து ஒரு அலையே கிளம்பியது. வேலையை இவர்கள் பறிக்கிறார்கள் என்றார்கள். அடிபட்டவர்கள் உண்டு, கடையை இழந்தவர்கள் உண்டு. மறக்க வேண்டாம்.

ஆனால் 2023 மார்ச்சையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்களைப் பரப்பினார்கள். பயந்துபோன தொழிலாளிகள் பலர் ரயில் ஏறினார்கள். வீடியோ பொய். சரி. ஆனால் நம் ஊரில் "வடக்கன்" என்று நம்மவர்கள் ஏசுவதும் பொய்யா? புனேயில் நமக்கு வலிக்கிற சொல், திருப்பூரில் அவனுக்கு வலிக்காதா? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசிவிட்டு வாருங்கள். அவன்தான் அங்கே நாம்.

மராத்தியரும் நம் நாட்டுக்கு வந்தவர்கள்தான். சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி 1670-களில் தஞ்சையைப் பிடித்தார். 1855 வரை அந்த வம்சம் அங்கே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் நீளமான மராத்திக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவர்கள் வழி வந்தவர்கள் வீட்டில் மராத்தி பேசுகிறார்கள், தெருவில் தமிழ் பேசுகிறார்கள். யாரும் அவர்களை விருந்தாளி என்று சொல்வதில்லை. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூட்டத்தை வைத்திருக்கிறோம். அந்த விடுமுறையை யார் வாங்கிக் கொடுத்தது? மகாத்மா ஜோதிராவ் ஃபுலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1884-ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1890-ல் வார விடுமுறை கிடைத்தது. அதே தொழிலாளி வர்க்கத்துக்காக நம் சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் மே தினக் கொடி ஏற்றினார். லோகண்டே வாங்கிய ஞாயிற்றுக்கிழமையில் சிங்காரவேலரின் பிள்ளைகள் கூடியிருக்கிறோம். இதில் யார் வந்தவர், யார் இருந்தவர்?

மகான் துகாராமின் தாயார் பிறந்த ஊர் இந்த லோஹேகாவ் என்பார்கள். அவருக்கு இது தாய்வீட்டு ஊர். நம் குழந்தைகளில் பாதிப் பேர் பிறந்ததும் இங்கேதான். அவர்களுக்கும் இதுதான் தாய்வீட்டு ஊர்.

என்ன செய்யப் போகிறோம்?

பேசிக் கலைந்துவிடக் கூடாது. நாலு காரியம் முன்வைக்கிறேன்.

ஒன்று: ஞாயிறு மாலை இரண்டு வகுப்பு. பெரியவர்களுக்கு மராத்திப் பேச்சும் எண்ணும், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து. மராத்தியைப் பிள்ளைகளே பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். தமிழைப் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும்.

இரண்டு: மாதம் ஒரு நாள் காகித நாள். கார்டு, ஓட்டு, வாரியப் பதிவு, எல்லாப் படிவத்தையும் உட்கார்ந்து நிரப்புவோம். நான் வருகிறேன். படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு!

மூன்று: ஆஸ்பத்திரிக்குப் போகிற தாய்மார்களோடு மராத்தி தெரிந்த ஒரு பெண் தோழர் கூடப் போக வேண்டும். இனி எந்தப் பிள்ளையும் தன் தாயின் வலியை மொழிபெயர்க்கக் கூடாது.

நான்கு: தண்ணீருக்காக மனுக் கொடுக்கும்போது நாம் தனியாகப் போக வேண்டாம். பக்கத்து வீட்டு மராத்தி, தெலுங்கு, பீகார்க் குடும்பங்களையும் கையெழுத்துப் போட வைப்போம். டேங்கர் வரிசையில் எல்லாக் குடமும் காலிக் குடம்தான்.

தோழர்களே, விருந்தாளிக்கு மூன்று நாள் மரியாதை உண்டு, உரிமை கிடையாது. உரிமை வேண்டுமென்றால் வீட்டு ஆளாக வேண்டும். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே இடம். வரும்போது கார்டைக் கொண்டுவாருங்கள். ஒரு பென்சிலும் நோட்டும் கொண்டுவாருங்கள். முதல் பாடம் பத்து எண்கள். அதை முடித்துவிட்டு, அந்த வாங்கியில் ஒரு குழம்பும் வைத்துச் சாப்பிடுவோம்.

(கைதட்டல்)